அப்பாவின் கால் புண்ணில் புழு வைத்துவிட்டது, வீட்டிலேயே எடுக்கலாமா?

தும்பை:
அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரையால் பாதம் மரத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், கட்டுப் போட்டுத்தான் வைத்திருந்தோம். கட்டு ஈரமாக இருந்ததைப் பார்த்தும் நாளைக்கு மாற்றலாம் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். நேற்றுப் பிரித்தால் குழிக்குள் வெள்ளையாக ஏதோ நெளிகிறது. டார்ச் அடித்தபோது இரண்டு கறுப்புக் கண் தெரிந்தது, சட்டென்று உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் 23 புழு எடுத்துவிட்டு, இன்னும் இருக்கிறது, நாளைக்கும் வாருங்கள் என்றார்கள். ஏன் ஒரே நாளில் எடுக்க முடியவில்லை? ராத்திரி வெளியே தலை நீட்டினால் நானே இடுக்கியால் பிடித்து இழுக்கலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமா? அப்பா "எனக்கு வலிக்கவே இல்லையேம்மா" என்கிறார், அதைக் கேட்டுத்தான் அழுகை வருகிறது.

இரவுப்பணி:
சகோதரி, நான் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். நீங்கள் பார்த்தது கண் இல்லை, புழுவின் பின்பக்கம். அந்தக் கறுப்புப் புள்ளிகள் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. தலை கீழே சதைக்குள் புதைந்திருக்கும், வாயில் கொக்கி, உடம்பைச் சுற்றி வரிவரியாக முள், அதனால் இழுக்க இழுக்க உள்ளேதான் போகும், பாதியில் அறுந்தால் தங்கிய துண்டால் புண் இன்னும் மோசமாகும். நாங்கள் டர்பெண்டைன் எண்ணெயில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைப்போம், மூச்சு முட்டி மேலே வரும்போது ஒவ்வொன்றாக எடுப்போம். அது சதையையும் எரிக்கும், வீட்டில் ஊற்றாதீர்கள், மண்ணெண்ணெய், பினாயில் பக்கமே போகாதீர்கள். ஆழத்தில் இருக்கும் சின்னப் புழுக்கள் முதல் நாளே மேலே வராது, அதனால்தான் திரும்ப வரச் சொல்கிறார்கள். குழந்தைக்கு ஒட்டாது. இந்தப் புழு தின்று முடித்துக் கீழே விழுந்து, மண்ணில் கூடாகி, ஈயாகப் பறந்தால்தான் மறுபடி முட்டை. டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி போட்டார்களா என்று மட்டும் கேளுங்கள்.

ஆற்றுமணல்:
அழுகிய சதையைப் புழுவே தின்று சுத்தம் செய்துவிடும், விட்டுவிடலாம் என்று படித்திருக்கிறேனே? புழு வைத்தே சிகிச்சை செய்கிறார்களாமே?

இரவுப்பணி:
செய்கிறார்கள், அமெரிக்காவில் 2004ல் அதற்கு அனுமதியே கொடுத்தார்கள். ஆனால் அது லூசிலியா செரிகாட்டா என்கிற பச்சை ஈயின் புழு, கிருமி நீக்கி ஆய்வகத்தில் வளர்த்து, எண்ணி வைத்து, இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள். தானாக வந்தது எந்த ஈ என்று யாருக்குத் தெரியும்? ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கிரைசோமையா பெசியானா என்று ஒரு ஈ உண்டு, அதன் புழு நல்ல சதையையே தின்னும். அந்த ஈ ஒரு தடவையில் நூறு முட்டைக்கு மேல் வைக்கும், ஒரே நாளில் பொரிந்துவிடும். தயவுசெய்து யாருக்கும் "விட்டுவிடு" என்று சொல்லாதீர்கள்.

நிலாமுற்றம்:
தும்பை, உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பக்கவாதத்தில் படுத்திருந்த என் அம்மாவுக்கு மூக்கிலேயே வந்தது. முதலில் ரத்தம் கசிந்தது, அப்புறம் ஒரு நாற்றம், கன்னம் வீங்கியது. வெளியே சொல்லக் கூசி நாலு நாள் மறைத்தோம், சைனஸ் வரை போய்விட்டது, எண்டோஸ்கோப்பி வைத்துத்தான் எடுத்தார்கள். நீங்கள் பார்த்த அன்றே கூட்டிப்போயிருக்கிறீர்கள். பகலில் தூங்கும்போதும் அப்பாவுக்கு வலை கட்டுங்கள், இந்த ஈக்கள் பகலில்தான் வரும்.

தும்பை:
ரொம்ப நன்றி. இன்று 6 வந்தது, எல்லாம் அரிசிக் குருணை அளவு. டி.டி. ஊசி நேற்றே போட்டிருக்கிறார்கள், புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரையும் கொடுத்தார்கள். வலை கட்டிவிட்டேன். அப்பா அதற்குள் படுத்துக்கொண்டு, குழந்தையை ஏன் தள்ளி வைக்கிறாய் என்று கேட்டார். கொண்டுபோய்ப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன். நாளைக்கு மறுபடி போகிறோம்.