என் புறாவுக்கு நோய் உண்டா, இல்லையா?

தக்கலை புறாக்காரன்: புறா எச்சத்தால் மூளைக்காய்ச்சல் வரும், கூடுகளைப் பிரித்தெறியுங்கள் என்று வடசேரிக்காரர் நேற்று எழுதியதைப் படித்து வயிறு எரிகிறது. இருபது வருஷமாக மொட்டை மாடியில் புறா வளர்க்கிறேன். ஒன்றுக்கும் நோயில்லை. நோயில்லாத பறவை எப்படி நோய் பரப்பும்?

வடசேரிக்காரர்: புறாவுக்கு நோய் என்று நான் எழுதவே இல்லை, அண்ணாச்சி. காய்ந்த எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை வளரும். பெருக்கும்போது தூசியோடு நுரையீரலுக்குள் போகும், அங்கிருந்து மூளைக்கும் பரவும். எம்மன்ஸ் என்ற அமெரிக்கப் பூஞ்சை ஆய்வாளர் 1955லேயே புறா எச்சத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டிவிட்டார்.

தக்கலை புறாக்காரன்: எம்மன்ஸ் கிடக்கட்டும். புறாவின் உடம்புச் சூடு 41, 42 டிகிரி. அந்தச் சூட்டில் இந்தப் பூஞ்சை தழைக்காது. நோய் புறாவிடம் உண்டா, இல்லையா?

குழித்துறை லேப்: அண்ணா, புறாவுக்கு அநேகமாக வராது, மனுஷனுக்கு வரும். எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் கறுப்பு மை கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், இருட்டுக்குள் வெள்ளை வளையம் கட்டிய உருண்டைகளாக இந்தப் பூஞ்சை தெரியும். பார்த்தவர்கள் இப்படி வாதாட மாட்டார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதை மிக ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் வைத்தது.

தக்கலை புறாக்காரன்: அப்போ புறாவுக்கு வராது என்று ஒத்துக்கொண்டீர்கள்!

மார்த்தாண்டம் தேன்: வௌவால் எச்சத்தை ஏன் யாரும் பேசவில்லை?

குழித்துறை லேப்: அதில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற வேறு பூஞ்சை. இந்தியாவில் கங்கைச் சமவெளியில்தான் அதிகம் தென்பட்டிருக்கிறது.

தக்கலை புறாக்காரன்: தேன்காரர் இதில் தலையிட வேண்டாம். போன மாசம் என் புறாத் தீவனத்தைக் கலப்படம் என்று சொன்னவர்தானே!

மார்த்தாண்டம் தேன்: இப்பவும் சொல்வேன். முதலில் நீங்கள்தான் என் தேனைச் சர்க்கரைப் பாகு என்றீர்கள்.

வடசேரிக்காரர்: தேனை விடுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்து அள்ளுங்கள்.

தக்கலை புறாக்காரன்: நீங்கள் சொல்லித்தானா? நான் என்றைக்கும் மூக்கில் துண்டைக் கட்டி, நனைத்துத்தான் வழிக்கிறேன்.

குழித்துறை லேப்: துண்டு போதாது அண்ணா, என்95 வேண்டும்.

தக்கலை புறாக்காரன்: இருபது வருஷமாகப் போதும். கேட்டதற்குப் பதில் வரவில்லை: என் புறாவுக்கு நோய் உண்டா, இல்லையா?

வடசேரிக்காரர்: எச்சத்தைப் பேசுங்கள், அண்ணாச்சி.

தக்கலை புறாக்காரன்: புறாவைப் பேசுங்கள்!