'பேக்ட்ராக்ஸ்' தொகுப்பு: ஏசி/டிசி ஒதுக்கிய பாடல்களா, வழியில் விடுபட்ட பாடல்களா?

நரம்பிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1976-இல் வெளிவந்த 'ஹை வோல்டேஜ்' தொடங்கி, ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவான ஏசி/டிசியின் உலகப் பதிப்பு ஆல்பங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஆனாலும் 2009-இல் வெளிவந்த 'பேக்ட்ராக்ஸ்' என்ற அரிய பாடல்களின் தொகுப்பை மட்டும் இன்றுவரை வாங்காமல் இருந்துவிட்டேன். ஒரு குழு தன் ஆல்பத்தில் ஒரு பாட்டைச் சேர்க்கவில்லை என்றால், சேர்க்கும் அளவுக்கு அது தேறவில்லை என்றுதான் பொருள் என நெடுநாளாக எண்ணியிருந்தேன். வேறு சில குழுக்களின் இத்தகைய தொகுப்புகளை வாங்கி, ஒரே பாட்டை நான்கு விதமான ஒலிக்கலவைகளில் கேட்டுச் சலித்ததும் அந்த எண்ணத்துக்கு ஒரு காரணம்.

சென்ற வாரம் 'கேரி மீ ஹோம்' என்ற பாட்டைத் தற்செயலாகக் கேட்டேன். குடித்துவிட்டு எழ முடியாமல் கிடக்கும் ஒருவன், தன்னை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி கேட்கும் பாட்டு அது. குழுவின் அன்றைய பாடகர் பான் ஸ்காட் அதைப் பாடுகிறார் என்பதைவிட, தள்ளாடும் குரலில் நம் எதிரே உட்கார்ந்து புலம்புகிறார் என்பதே பொருத்தம். 1980 பிப்ரவரி 19 அன்று, ஓர் இரவு முழுதும் குடித்த பிறகு அவர் இறந்துபோனார் என்பது தெரிந்த எவராலும் அந்தப் பாட்டை இலேசாகக் கேட்டுவிட முடியாது. நான் மூன்று முறை தொடர்ந்து கேட்டேன். இப்படிப்பட்ட பாட்டு ஏன் எந்த ஆல்பத்திலும் இல்லை? 'பேக்ட்ராக்ஸ்' முழுவதும் இந்தத் தரத்தில் இருக்குமா? அதன் சாதாரணப் பதிப்பு போதுமா, பெரிய பதிப்பைத் தேட வேண்டுமா? 1997-இல் வந்த 'பான்ஃபயர்' தொகுப்பை முதலில் வாங்குவது நல்லதா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழந்தட்டு எழுதியது:

நண்பரே, உங்கள் எண்ணம் பல குழுக்களுக்குப் பொருந்தும். 1970களின் ஏசி/டிசிக்குப் பொருந்தாது. அந்தக் காலத்துப் பாடல்களில் இன்று அரியவை எனப்படும் பலவற்றை அவர்கள் ஒதுக்கவே இல்லை. அவை ஆஸ்திரேலியாவில் முறையாக ஆல்பத்தில் வெளிவந்தவை. நாடு கடந்து போகும் வழியில் விடுபட்டவை.

குழு முதலில் பதிவு செய்தது ஆல்பர்ட் புரொடக்‌ஷன்ஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்துக்காக. அங்கே 1975 பிப்ரவரியில் 'ஹை வோல்டேஜ்' என்றும், அதே ஆண்டு டிசம்பரில் 'டி.என்.டி.' என்றும் இரண்டு ஆல்பங்கள் வந்தன. மறு ஆண்டு அட்லாண்டிக் நிறுவனம் அவர்களை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, இரண்டிலிருந்தும் பாடல்களைத் தேர்ந்து ஒரே ஆல்பமாக்கி, முதலாவதன் பெயரையே அதற்கு வைத்துவிட்டது. உங்களிடம் இருப்பது அந்தக் கலவைதான். அதிலுள்ள ஒன்பது பாடல்களில் ஏழு 'டி.என்.டி.'யைச் சேர்ந்தவை. அசல் 'ஹை வோல்டேஜ்' ஆல்பத்திலிருந்து வந்தவை 'ஷீஸ் காட் பால்ஸ்', 'லிட்டில் லவர்' ஆகிய இரண்டு மட்டுமே.

அசல் ஆல்பத்தில் இருந்தவை எட்டுப் பாடல்கள். மீதி ஆறு என்னவாயின என்று பார்த்தால்தான் 'பேக்ட்ராக்ஸ்' ஏன் தேவைப்பட்டது என்பது புரியும். அவற்றுள் 'பேபி, ப்ளீஸ் டோன்ட் கோ', 'சோல் ஸ்ட்ரிப்பர்', 'யூ எய்ன்ட் காட் எ ஹோல்ட் ஆன் மீ', 'ஷோ பிசினஸ்' ஆகிய நான்கும் 1984-இல் வந்த '74 ஜெயில்பிரேக்' என்ற சிறு தட்டில் இடம்பெற்றன. எஞ்சிய 'ஸ்டிக் அரௌண்ட்', 'லவ் சாங்' இரண்டும் 'பேக்ட்ராக்ஸ்' வரும்வரை காத்திருந்தன. ஒரே ஆல்பத்தின் எட்டுப் பாடல்கள் வெளியுலகுக்கு வந்து சேர மூன்று தட்டுகளும் முப்பத்துநான்கு ஆண்டுகளும் ஆயின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அந்த 1984 தட்டின் பெயரும் ஒரு குழப்பத்தை விதைத்துவிட்டது. அதிலுள்ள 'ஜெயில்பிரேக்' பாட்டு 1974-இல் பதிவானது அன்று; 1976-இல் பதிவாகி, ஆஸ்திரேலிய 'டர்ட்டி டீட்ஸ் டன் டர்ட் சீப்' ஆல்பத்தில் இருந்தது. அந்த ஆல்பத்தை உலகப் பதிப்பாக்கியபோதும் இதே கதைதான். 'ஜெயில்பிரேக்', 'ஆர்.ஐ.பி.' இரண்டையும் எடுத்துவிட்டு, 'டி.என்.டி.'யில் மிச்சமிருந்த 'ராக்கர்' பாட்டையும் 'லவ் அட் ஃபர்ஸ்ட் ஃபீல்' என்ற மற்றொன்றையும் அங்கே பொருத்தினார்கள். விடுபட்ட 'ஆர்.ஐ.பி.' இப்போது 'பேக்ட்ராக்ஸ்' தொகுப்பில் இருக்கிறது.

'கிராப்சடி இன் ப்ளூ' விடுபட்ட விதம் வேறு. நிதானமான அந்த ப்ளூஸ் பாட்டு 1977-இல் வந்த 'லெட் தேர் பி ராக்' ஆல்பத்தின் ஆஸ்திரேலியப் பதிப்பில் உண்டு. அமெரிக்கப் பதிப்பில் அதன் இடத்தில் 'ப்ராப்ளம் சைல்ட்' இருக்கும். 'ப்ராப்ளம் சைல்ட்' முன்பே 'டர்ட்டி டீட்ஸ்' ஆல்பத்தில் வந்த பாட்டு. ஆனால் அமெரிக்காவில் அந்த ஆல்பத்தையே 1981 வரை வெளியிடவில்லை. ஆகவே அந்நாட்டு ரசிகர்களுக்கு அது புதிய பாட்டு. 'கிராப்சடி' போனதற்கு அதன் தரம் காரணம் என்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

நீங்கள் கேட்ட 'கேரி மீ ஹோம்' உண்மையான பி-சைடு, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் 'சிங்கிள்' தட்டின் மறுபக்கப் பாட்டு. 1977-இல் ஆஸ்திரேலியாவில் வந்த 'டாக் ஈட் டாக்' சிங்கிளின் மறுபக்கத்தில் அது இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 'ஜெயில்பிரேக்' சிங்கிளின் மறுபக்கத்தில் வந்த 'ஃப்ளிங் திங்' என்ற சிறிய துண்டையும் தவறவிடாதீர்கள். 'லாக் லோமண்ட்' என்ற பழைய ஸ்காட்லாந்துப் பாட்டின் மெட்டை அவர்கள் கிதாரில் வாசிப்பதே அது. குழுவின் கிதார் கலைஞர்களான மால்கம், ஆங்கஸ் சகோதரர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர்கள். பான் ஸ்காட்டும் சிறுவயதில் ஸ்காட்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். ஆல்பத்தில் வைக்க இடமில்லாத இத்தகைய நெருக்கமான பதிவுகளுக்கு அக்காலத்தில் பி-சைடு ஒரு திண்ணைபோல் பயன்பட்டது.


வால்வொலி எழுதியது:

பழந்தட்டு ஐயா சொன்ன கணக்கு முற்றிலும் சரி. எனினும் அதிலிருந்து, தொகுப்பிலுள்ள எல்லாமே ஆல்பத்தில் இருந்திருக்க வேண்டியவை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 'லவ் சாங்' ஓர் எடுத்துக்காட்டு. இழுத்து இழுத்துச் செல்லும் காதல் பாட்டு அது. தங்கள் வழி எது என்று குழு இன்னும் தேடிக்கொண்டிருந்த நாள்களின் அடையாளம். 1975-இல் அதைத்தான் சிங்கிளின் முதற்பக்கமாக வெளியிட்டார்கள். பழைய ப்ளூஸ் பாட்டான 'பேபி, ப்ளீஸ் டோன்ட் கோ'வை மறுபக்கத்தில் வைத்தார்கள். வானொலிகளோ தட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையே ஒலிபரப்பின. தங்களுக்கு எது இயல்பு என்பதை அந்தக் குழு ஒரு பி-சைடின் வழியாகக் கண்டுகொண்டது என்றே நான் கருதுகிறேன். ஆகவே 'லவ் சாங்' வரலாற்றுக்காகக் கேட்க வேண்டிய பாட்டு. நான் விரும்பித் திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு அன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'பேக்ட்ராக்ஸ்' சாதாரணப் பதிப்பின் முதல் குறுந்தட்டில் பன்னிரண்டு ஸ்டூடியோ பாடல்கள் உண்டு. ஏழாவது பாட்டான 'கோல்ட் ஹார்ட்டட் மேன்', 1978-இல் வந்த 'பவரேஜ்' ஆல்பத்தின் தொடக்கக்கால ஐரோப்பியத் தட்டுகளில் இருந்தது. எட்டாவது பாட்டு 'ஸ்னேக் ஐ' 1988-ஐச் சேர்ந்தது. இடையில் பத்து ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன. 'ஹைவே டு ஹெல்', 'பேக் இன் பிளாக்' ஆகிய பெரும் ஆல்பங்கள் வந்த ஆண்டுகள் அவை. 1979 முதல் உலகெங்கும் ஒரே ஆல்பம் ஒரே பாடல்களுடன் வெளிவந்ததால், நாடு மாறும்போது பாட்டு தொலையும் நிலையே இல்லாமல் போயிற்று. பழந்தட்டு ஐயாவின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அதன் பின் வருபவை உண்மையிலேயே மிஞ்சிய பாடல்கள். 'ஸ்னேக் ஐ', 'பாரோட் டைம்', 'டவுன் ஆன் த பார்டர்லைன்' மூன்றும் 'ப்ளோ அப் யுவர் வீடியோ' ஆல்பக் காலத்தைச் சேர்ந்தவை. பான் ஸ்காட்டுக்குப் பின் பாடகரான பிரையன் ஜான்சனின் குரல் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் மூன்றில் 'ஸ்னேக் ஐ' ஒன்றே என் நினைவில் நிற்கிறது. 1993-இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காக ரிக் ரூபின் தயாரிப்பில் பதிவான 'பிக் கன்' தனி இனம். அதை வாய்ப்பு தவறிய பாட்டு என்று யாரும் சொல்ல முடியாது. எந்த ஆல்பத்துக்கும் உரியதாக இல்லாததால் மட்டுமே அது இங்கே வந்திருக்கிறது. கடைசிப் பாட்டு 'சைபர்ஸ்பேஸ்' 2000-ஆம் ஆண்டின் பி-சைடு.

தொகுப்பு முழுமையானது என்றும் எண்ண வேண்டாம். 1974-இல் டேவ் எவன்ஸ் பாடகராக இருந்தபோது வந்த முதல் சிங்கிளான 'கேன் ஐ சிட் நெக்ஸ்ட் டு யூ, கேர்ள்' பாட்டின் அசல் வடிவமோ, அதன் பி-சைடான 'ராக்கின் இன் த பார்லர்' பாட்டோ இதில் இல்லை. பான் ஸ்காட்டுக்கு முன்பும் குழுவுக்கு ஒரு குரல் இருந்தது என்பதை ஓர் அரிய பாடல் தொகுப்பாவது பதிவு செய்திருக்க வேண்டும். இதை ஒரு குறையாகவே சொல்கிறேன்.


மறுபக்கம் எழுதியது:

பதிப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாதாரணப் பதிப்பில் இரண்டு குறுந்தட்டுகளும் ஒரு டிவிடியும் இருக்கும்; இரண்டாவது குறுந்தட்டு மேடைப் பதிவுகளுக்கு உரியது. பெரிய பதிப்பில் மூன்று குறுந்தட்டுகள், இரண்டு டிவிடிகள், ஓர் இசைத்தட்டு ஆகியவற்றுடன், பெட்டியே ஒரு வாட் திறன் கொண்ட, உண்மையில் இயங்கும் கிதார் ஆம்ப்ளிஃபையராக அமைந்திருக்கும். அதில் கூடுதலாக வரும் ஸ்டூடியோ பதிவுகள், 'டர்ட்டி டீட்ஸ்', 'எய்ன்ட் நோ ஃபன்' போன்றவற்றின் வெட்டப்படாத நீண்ட வடிவங்கள். அவற்றை நான் விரும்பிக் கேட்கிறேன் என்றாலும், புதிய பாட்டு எதுவும் அவற்றில் இல்லை. பாடல்களே உங்கள் நோக்கமென்றால் சாதாரணப் பதிப்பு போதும்.

'பான்ஃபயர்' வேறு வகையான தொகுப்பு. 1977 டிசம்பரில் அட்லாண்டிக் ஸ்டூடியோவில் வாசித்த நிகழ்ச்சி ஒரு தட்டாகவும், 1979 டிசம்பரில் பாரிசில் நடந்த கச்சேரி இரண்டு தட்டுகளாகவும் அதில் இருக்கின்றன. நீங்கள் தேடுவது 'வோல்ட்ஸ்' என்ற தட்டில் கிடைக்கும். பின்னாளில் 'ஹோல் லாட்டா ரோசி' ஆன பாட்டு அங்கே 'டர்ட்டி ஐஸ்' என்ற பெயரில், வேறு சொற்களுடன் ஒலிக்கும். 'பீட்டிங் அரௌண்ட் த புஷ்' பாட்டின் முன்வடிவமும் உண்டு. பழந்தட்டு ஐயா குறிப்பிடாமல் விட்ட 'ஸ்கூல் டேஸ்' என்ற 'டி.என்.டி.' பாட்டும் அந்தத் தட்டில்தான் வந்து சேர்ந்தது. முதலில் 'பேக்ட்ராக்ஸ்', பிறகு 'பான்ஃபயர்' என்ற வரிசையையே பரிந்துரைப்பேன். பாடல்களின் இறுதி வடிவங்கள் காதில் பதிந்த பின்னரே முன்வடிவங்களின் அருமை தெரியும்.


நரம்பிசை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இத்தனை ஆண்டுகள் என்னிடம் இருந்த 'ஹை வோல்டேஜ்' ஆல்பம் வேறொன்றின் பெயரைத் தாங்கிய கலவை என்பது எனக்குத் தெரியாது. 'பேக்ட்ராக்ஸ்' சாதாரணப் பதிப்பை வாங்க முடிவு செய்துவிட்டேன். '74 ஜெயில்பிரேக்' ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் மூன்று தட்டுகளையும் கொண்டு 1975-ஆம் ஆண்டின் அசல் ஆல்பத்தை நானே வரிசைப்படுத்திக் கேட்கலாம் அல்லவா? பாடல் வரிசையைத் தர முடியுமா?


பழந்தட்டு எழுதியது:

தாராளமாகக் கேட்கலாம், நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். முதல் பக்கம்: 'பேபி, ப்ளீஸ் டோன்ட் கோ', 'ஷீஸ் காட் பால்ஸ்', 'லிட்டில் லவர்', 'ஸ்டிக் அரௌண்ட்'. இரண்டாம் பக்கம்: 'சோல் ஸ்ட்ரிப்பர்', 'யூ எய்ன்ட் காட் எ ஹோல்ட் ஆன் மீ', 'லவ் சாங்', 'ஷோ பிசினஸ்'.

கேட்கும்போது டிரம்ஸில் கவனம் வையுங்கள். ஃபில் ரட் குழுவில் சேர்ந்தது 1975-இன் தொடக்கத்தில். இந்தப் பாடல்களோ 1974-இன் இறுதியில் பதிவானவை. பெரும்பாலானவற்றில் டிரம்ஸ் வாசித்தவர் டோனி கரென்டி என்ற ஸ்டூடியோ கலைஞர். உங்களிடமுள்ள உலகப் பதிப்பில் 'ஷீஸ் காட் பால்ஸ்', 'லிட்டில் லவர்' இரண்டும் மற்ற ஏழு பாடல்களோடு முழுதாக ஒட்டாமல் சற்றுத் தனித்து ஒலிப்பதை நீங்கள் உணர்ந்திருக்கக்கூடும். இந்த எட்டுக்கும் நடுவில் அவற்றை வைத்துக் கேட்டுவிட்டு, அதே உணர்வு இருக்கிறதா என்று எழுதுங்கள்.