மறு: சாகச விமானப் பாடம் – சுமைக் காரணியா, சுமைமடங்கா?

திங்கள், இரவு 9.40

நண்பர்களே, வணக்கம். சிறிய சாகச விமானங்களின் எடை வரம்பு பற்றிய அத்தியாயத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். லோட் ஃபேக்டர் என்ற இடத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன். இறக்கை தரும் தூக்குவிசையை விமானத்தின் எடையால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. நேராகப் பறக்கும்போது 1. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் 2. அமெரிக்க விதிகளில் நெடுநாள் இருந்த கணக்குப்படி சாதாரண வகைச் சிறு விமானம் தாங்க வேண்டிய வரம்பு 3.8, சாகச வகைக்கு 6, தலைகீழ்ப் பக்கம் −3.

எனக்கு முன் மொழிபெயர்த்தவர் ‘சுமைக் காரணி’ என்று போட்டிருக்கிறார். வகுப்பில் வாசித்தேன். ஒரு மாணவி, “சுமைக்குக் காரணம் பெட்டியும் பெட்ரோலும்தானே சார், அதை ஏன் எண்ணாகச் சொல்கிறார்கள்?” என்று கேட்டாள். ‘சுமைமடங்கு’ என்று மாற்றலாமா? வேறு சொல் இருந்தாலும் தாருங்கள்.

செவ்வாய், காலை 6.15

> சுமைக்குக் காரணம் பெட்டியும் பெட்ரோலும்தானே

அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். காரணி வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும், பொருளும் பொருந்தவில்லை. சுமை என்பது ஏற்றப்படுவது. பொறை என்பது தாங்கப்படுவது. ‘சிவிகை பொறுத்தானோடு’ என்று குறள் பல்லக்குச் சுமப்பவனைச் சொல்கிறது, அங்கே பொறுத்தல் என்றால் பொறுமை இல்லை, தோளில் தாங்குவது. இறக்கை செய்வதும் அதுதான். ஆகவே பொறைமடங்கு.

லோடிங்குக்கும் நம்மிடம் சொல் உண்டு. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளில் வண்டியில் பண்டம் ஏற்றுவதைப் பெய்தல் என்கிறார். மயிற்பீலிதானே என்று அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். எடை வரம்பு அத்தியாயம் முழுவதும் அந்த ஒன்றேமுக்கால் அடியில் இருக்கிறது. ஏற்றும் அளவைப் பெய்வு என்றும் அதன் எல்லையைப் பெய்வரம்பு என்றும் சொல்லலாம்.

செவ்வாய், இரவு 11.05

ஐயா, உங்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பெய்வு என்றால் என் மாணவர்கள் மழை என்பார்கள், பொறை என்றால் பொறுமை என்பார்கள். விமானத்தில் ஏறப்போகிறவன் ஒரு நொடிகூடத் தடுமாறக் கூடாது.

மடங்கு வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். எக்ஸ்ட்ரா 300 விமானத்தில் ஒருவர் மட்டும் பறந்தால் வரம்பு ±10, இருவர் ஏறினால் ±8. இறக்கை அதே இறக்கைதான். எடை கூடியதால் எத்தனை மடங்கு தாங்கலாம் என்பது குறைகிறது. 60 கிலோ ஆள் 6 மடங்கில் இருக்கையை 360 கிலோவாக அழுத்துகிறார். காரணி என்றால் இந்தப் பெருக்கல் கண்ணில் படாது, மடங்கு என்றால் படும்.

ஆனால் இரண்டு சிக்கல். இறக்கை பற்றிய பாடத்தில் ‘மடங்கு’ என்று எழுதினால் இறக்கை மடங்கிவிட்டது என்று படிக்க இடம் இருக்கிறது. அப்புறம் −3 மடங்கு என்று தமிழில் யாராவது சொல்வார்களா?

இன்னொன்று. ஈர்ப்பு மையம் பின்னால் போவதற்கு வண்டிக்காரர்கள் சொல்லும் ‘பின்பாரம்’ இருக்கிறது, அதைவிட நல்ல சொல் கிடைக்காது. பின்பாரமான விமானம் சுழன்று விழ ஆரம்பித்தால் மீட்பது கடினம். பாரம் வடமொழி என்று யாரும் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம்.

புதன், காலை 7.30

பாரம் வடமொழிதான். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

புதன், மாலை 4.20

இலங்கையிலிருந்து ஒரு வேண்டுகோள். எந்தச் சொல்லை எடுத்தாலும் ‘நிறை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் பாடநூல்களில் நிறை என்றால் உங்கள் எடை. உங்கள் நிறை எங்களுக்குத் திணிவு. ஒரே வாக்கியத்தை இரண்டு கரையிலும் வேறு வேறாக வாசிப்பார்கள்.

வியாழன், இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. நாளை அனுப்புகிறேன், மடங்கு வேண்டும் என்பதை ஒத்துக்கொண்டதால் ‘சுமைமடங்கு’ என்றே போடுகிறேன். மடங்குதல் குழப்பத்துக்காக அந்த அத்தியாயத்தில் இறக்கை ‘முறிந்தது’ என்றுதான் எழுதியிருக்கிறேன், ‘மடங்கியது’ எங்கும் வராது. −3ஐ ‘தலைகீழ்ச் சுமைமடங்கு 3’ என்று எழுதியிருக்கிறேன். நிறையை அடியோடு எடுத்துவிட்டேன், எடை மட்டும்தான். பின்பாரம் இருக்கிறது.

இன்று வகுப்பில் அதே மாணவியிடம், செஸ்னா 172 சிறு விமானங்கள் சிலவற்றில் பின் இருக்கையையும் பெட்டி அறையையும் காலியாக விட்டால் 3.8 எப்படி 4.4 ஆகிறது என்று கேட்டேன். “எடை குறைந்தால் மடங்கு கூடும் சார்” என்றாள்.

வெள்ளி, காலை 5.50

மகிழ்ச்சி. ஆனாலும் அவள் சொன்னது மடங்கு, சுமை இல்லை. சுமைமடங்கு தவறு என்றே இன்னும் நினைக்கிறேன். அனுப்புவதற்கு முன் அடைப்புக்குறிக்குள்ளாவது பொறைமடங்கு என்று ஒருமுறை போட்டுவிடுங்கள்.