எதிர்ப்பு சக்தி ஏறினா கல்லீரல் கேன்சர் வராதா? யாரு சொன்னா?

செந்தூல் அக்கா: குமாரண்ணே நேத்து போட்டத பாத்ததுல இருந்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. எதிர்ப்பு சக்திய ஏத்திக்கிட்டே இருந்தா கல்லீரல்ல கேன்சர் எட்டியே பாக்காதாம், கூடவே பாசார் மாலாம் ராத்திரி சந்தைல 89 மலேசிய வெள்ளிக்கு விக்கிற எதிர்ப்பு சக்தி பவுடர் படம் வேற. அண்ணே, கல்லீரல தாக்குற ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் பல வருஷமா உள்ளவங்களுக்கும் கல்லீரல்ல கொழுப்பு சேந்தவங்களுக்கும் அந்த எதிர்ப்பு சக்தி ஓயாம அனுப்புற சிக்னலே கேன்சர வளத்து விடலாம். இன்டர்லியூகின்-6ன்னு ஒரு சிக்னல் புரதம் இருக்கு. கல்லீரல்ல உள்ள குஃப்பர் செல்லுங்கிற எதிர்ப்பு சக்தி செல் அத சுரக்கும், அது பக்கத்து செல்லுல ஸ்டாட்-3ங்கிற புரதத்த முடுக்கி விடும், சாக வேண்டிய செல்லு சாகாம பெருகிக்கிட்டே போகும். 2007ல சயன்ஸ் இதழ்ல வந்த ஆராய்ச்சில, கேன்சர் வர வைக்கிற கெமிக்கல் ஊசி போட்ட எலிங்கள்ல ஆணுக்குத்தான் கட்டி ரொம்ப அதிகம். இன்டர்லியூகின்-6 ஜீனை எடுத்துட்டா அந்த ஆண் பெண் வித்தியாசமே காணாம போச்சு.

ஜெலுத்தோங் குமாரு: எலியா? நான் மனுஷன பத்தி எழுதினா நீ எலிய கூட்டிக்கிட்டு வர்றியேம்மா. எலி வேற மனுஷன் வேற.

செந்தூல் அக்கா: மனுஷன்லயும் அதே கதைதான். உலகம் முழுக்க இந்த கேன்சர் ஆம்பளைங்களுக்கு 2, 3 மடங்கு அதிகம்.

ஜெலுத்தோங் குமாரு: ஆம்பளைங்க குடிக்கிறாங்க லா, அதான் அதிகம். இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?

செந்தூல் அக்கா: எலி குடிக்கலையே அண்ணே! ஒரு சொட்டு சாராயம் இல்லாமலே ஆண் எலிக்கு அதிகமா வந்துச்சு. பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரஜன் குஃப்பர் செல்ல அடக்கி இன்டர்லியூகின்-6 சுரக்குறத குறைக்குது, அதுதான் காரணம்னு அதுலயே எழுதியிருக்கு.

ஜெலுத்தோங் குமாரு: திரும்பவும் எலி. சரி, நானும் படிச்சவன்தான். 1996ல அதே சயன்ஸ்ல வந்துச்சு, இன்டர்லியூகின்-6 இல்லாத எலிக்கு கல்லீரல்ல ஒரு பகுதிய வெட்டினா திரும்ப சரியா வளரல. அப்ப அது நல்லதா கெட்டதா?

செந்தூல் அக்கா: இப்ப மட்டும் எலி இனிக்குதா? என் எலின்னா ஆகாது, உங்க எலின்னா வேதவாக்கா?

பட்டர்வொர்த் பாலா: குமாரண்ணனுக்கு இது புதுசா என்ன, போன தைப்பூசத்துல தண்ணீர் பந்தல் மோர்லயே அந்த பவுடர கலந்து கொடுத்தாரு, சின்ன புள்ளைங்கெல்லாம் குடிச்சுச்சு, கேட்டதுக்கு என்னை பந்தல்ல இருந்தே போக சொன்னாரு.

ஜெலுத்தோங் குமாரு: அது இஞ்சிடா பாலா! பந்தலுக்கு ஒரு வெள்ளி கொடுக்காதவன் வாயே திறக்கக்கூடாது.

பட்டர்வொர்த் பாலா: நான் 2 மூட்டை சீனி கொடுத்தேன், கணக்க காட்டுங்க முதல்ல.

செந்தூல் அக்கா: பந்தல் சண்டைய அப்புறம் வெச்சுக்குங்க. கல்லீரல் அறுபட்டா இன்டர்லியூகின்-6 கொஞ்ச நாளைக்கு ஏறி வேலைய முடிச்சிட்டு இறங்கிடும், அது நல்லதுதான், நான் இல்லைன்னு சொல்லவே இல்ல. வைரஸோ கொழுப்போ வருஷக்கணக்கா உள்ளயே கிடக்குறப்ப இறங்காம ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து. 2010ல குண்டு எலிங்கள வெச்சு பாத்தப்பவும் இன்டர்லியூகின்-6ம் டிஎன்எஃப்ங்கிற இன்னொரு சிக்னலும்தான் கட்டிய வளத்துச்சு. டிஜிஎஃப்-பீட்டான்னு இன்னொரு சிக்னல் இன்னும் மோசம், ஆரம்பத்துல செல்லு பெருகாம தடுக்கும், கேன்சர் முத்தினதும் அதுவே பரவ வழி விடும். இதுல எந்த சிக்னல ஏத்தப்போகுது உங்க பவுடரு?

ஜெலுத்தோங் குமாரு: அப்ப 2020ல கல்லீரல் கேன்சருக்கு வந்த அட்டெசோலிசுமாப் மருந்து என்ன? எதிர்ப்பு சக்திய தூண்டித்தானே அத கொடுக்குறாங்க? பெரிய பெரிய ஸ்பெஷலிஸ்ட் கொடுத்தா மருந்து, குமாரு கொடுத்தா பொய்யா?

செந்தூல் அக்கா: அது கேன்சர் செல்ல கொல்ற டி செல்ல கட்டிப்போடுற பூட்ட கழட்டுற மருந்து, பெவசிசுமாப்ங்கிற இன்னொரு மருந்தோட சேத்து கொடுத்து சொராஃபெனிப்ங்கிற பழைய மருந்தோட ஒப்பிட்டு பாத்தாங்க, ஆளுங்க கூடுதல் நாள் உயிரோட இருந்தாங்க. எலில இல்ல அண்ணே, மனுஷன்ல! உங்க பவுடர எந்த மனுஷன்ல பாத்தாங்க?

ஜெலுத்தோங் குமாரு: எங்க பெரியம்மா சாப்பிட்டு தெம்பா இருக்காங்க. கோலாலம்பூர்காரங்களுக்கு பினாங்குக்காரன் சொன்னா எப்பவுமே இளக்காரம்தான்.

செந்தூல் அக்கா: நான் பிறந்ததே பினாங்கு ஆயர் ஈத்தாம்ல. பெரியம்மாவுக்கு ஹெப்படைட்டிஸ் பி டெஸ்ட் எடுத்தீங்களா? நம்ம நாட்டுல பிறந்த குழந்தைக்கெல்லாம் அந்த தடுப்பூசி 1989லதான் ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி பிறந்தவங்க நிறைய பேருக்கு உள்ள இருக்குறதே தெரியாது. இருந்துச்சுன்னா 6 மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் பாக்கணும். அந்த 89 வெள்ளிக்கு முதல்ல ரத்தத்த சோதிச்சு பாருங்க.

ஜெலுத்தோங் குமாரு: எங்க பெரியம்மாவ ஏன் இழுக்குற? எலிக்கு பதில் சொல்லு. எலி வேற மனுஷன் வேற.

பட்டர்வொர்த் பாலா: சீனி கணக்கு இன்னும் வரல.