மூடுபனி இரவில் பேரிங் வெப்பநிலை அலாரம்: எங்கே தேடுவது?

கேள்வி: நீலகிரி மலையில் குந்தாப் பக்கத்திலுள்ள ஒரு நீர்மின் நிலையத்தில், மூடுபனி இறங்கும் இரவுகளில் பெல்டன் டர்பைனின் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) வெப்பநிலை 52 டிகிரியிலிருந்து நொடிப்பொழுதில் 90-ஐத் தாண்டி, யூனிட் டிரிப் ஆகிவிடுகிறது (பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடுகிறது). எண்ணெய் அளவும் குளிர்நீர் ஓட்டமும் சரியாகவே உள்ளன.

பதில் 1: பேரிங் உலோகம் நொடியில் இவ்வளவு சூடேறாது என்பதால், முதலில் ஆர்.டி.டி. (மின்தடை மாற்றத்தால் வெப்பநிலையை அளக்கும் உணரி) வயரிங்கைப் பாருங்கள், ஐயா. பி.டி.100 என்ற வகை ஆர்.டி.டி. உணரியில் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.385 ஓம் மட்டுமே மாறும். களிம்பேறிய ஒரு டெர்மினலில் 15 ஓம் கூடினாலே இந்த உயர்வு வந்துவிடும்.

பதில் 2: வெறும் ஈரக்கசிவாக இருந்தால், அது இணை மின்தடையாகச் சேர்ந்து அளவீட்டைக் குறைத்தே காட்டியிருக்கும், ஆகவே களிம்பேறிய அல்லது தளர்ந்த இணைப்பு என்பதே என் கருத்தும். வயர்கள் இணையும் ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் படியாமல் காக்கும் ஹீட்டர் எரிகிறதா என்றும் பாருங்கள் (இந்த மலையில் பலர் மறப்பது அதைத்தான்). காரணம் உறுதியாகும்வரை டிரிப்பை பைபாஸ் செய்ய (செயலிழக்கச் செய்ய) வேண்டாம்.