குளிர்காலம் முழுக்க பைக்கை நிறுத்தப் போகிறேன், வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ண வேண்டுமா?

நாலாவதுகியர்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி. பனி விழ ஆரம்பித்து சாலையில் உப்பு கொட்டிவிட்டார்கள் என்றால் அப்புறம் நாலு மாதத்துக்கு எடுக்க முடியாது. மூடிய கொட்டகையில்தான் நிறுத்துவேன், ஆனால் அங்கே கரண்ட் கிடையாது, குளிரும் உறைநிலைக்குக் கீழே போகும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டால் போதும் என்கிறான் நண்பன். டேங்கைக் காலி பண்ணச் சொல்கிறார் ஒருவர், ரொப்பி வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

எண்ணெய்க்கை:
வாராவாரம் ஸ்டார்ட் பண்ணுவதை முதலில் விடுங்கள். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும், இன்ஜின் ஜில்லென்று இருந்தால் அது சைலன்சருக்குள்ளும் கிராங்க்கேஸிலும் (இன்ஜினின் அடிப்பெட்டி) தண்ணீராகப் படியும். நன்றாகச் சூடேறும்வரை சாலையில் ஓட்டினால்தான் அது வெளியே போகும், நின்ற இடத்தில் அஞ்சு நிமிஷம் உறுமவிட்டால் ஆயிலோடு கலந்து அங்கேயே கிடக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அதுதான் இது. பேட்டரிக்கும் நஷ்டம், ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட் ஐடிலில் திரும்ப ஏறவே ஏறாது.

நிறுத்துவதற்கு முன்பே ஆயில் மாற்றிவிடுங்கள். வண்டியை எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், அதில் பேரிங் நாலு மாதம் ஊறுவது எதற்கு?

ஸ்பேனர்பையன்:
டேங்க் விஷயத்தில் அந்த இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. டேங்கை ரொப்பணும், கார்புரேட்டரைக் காலி பண்ணணும். இரும்பு டேங்கில் காலி இடம் இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் சுவரில் படிந்து துரு பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் அதுவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

வரிசை முக்கியம். ஸ்டெபிலைசரை (பெட்ரோல் கெடாமல் வைக்கும் திரவம்) ஊற்றி, டேங்கை ரொப்பி, ஒரு பத்து நிமிஷம் ஓட்டுங்கள், கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை வரட்டும். அப்புறம் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் அடியில் இருக்கும் சின்ன டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஃப்ளோட் பவுலில், அதாவது அதன் அடிக் கிண்ணத்தில், மிச்சம் இருக்கும் பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடித்துவிடுங்கள். ஐடிலில் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் ஓட்டை ஊசிமுனை அளவுதான், பெட்ரோல் வற்றி பிசின் கட்டினால் முதலில் அடைவது அதுதான். அடைத்துக்கொண்டால் சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்ததும் நின்றுவிடும்.

மழைக்கோட்டு:
ஸ்பேனர் ப்ரோ சொல்வது சரிதான், ஆனால் ரொப்புவதற்கு முன் டேப் ஒழுகுகிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் வாஷர் தேய்ந்திருக்கும், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசியும் சரியாக அடைக்கவில்லை என்றால் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். பக்கத்தில் ஹீட்டர், பாய்லர் மாதிரி நெருப்பு எரிகிற எதுவும் இருக்கவே கூடாது. நான் சந்தேகம் இருந்தால் வாஷரை மாற்றாமல் ரொப்பவே மாட்டேன்.

நாலாவதுகியர்:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். டேப் லேசாகக் கசிகிறது, வாஷர் வாங்கிவிடுகிறேன். பேட்டரியை என்ன செய்ய? சாதாரண லெட் ஆசிட்தான்.

எண்ணெய்க்கை:
கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரி சாதாரணக் குளிரில் உறையாது, இறங்கிப்போனது பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலே உறைந்து வெடிப்பு விடும். மல்டிமீட்டரில் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை பாருங்கள், 12.4 வந்துவிட்டால் சார்ஜ் போடுங்கள். சார்ஜைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர் இருந்தால் மாட்டிவிட்டு மறந்துவிடலாம். லித்தியம் பேட்டரிக்காரர்கள் யாராவது படித்தால், உங்களுக்கு அதற்கென்று உள்ள சார்ஜர்தான். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பார்கள், இன்றைய பேட்டரிகளுக்கு அது பொருந்தாது.

மழைக்கோட்டு:
விட்டுப்போனவை சில. உப்பு பட்டிருந்தால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, செயினைத் துடைத்து செயின் லூப் (மசகு ஸ்ப்ரே) அடியுங்கள், பிரேக் டிஸ்க் பக்கம் மட்டும் தெறிக்கவே கூடாது. டயரில் காற்றைச் சரியாக வைத்து, சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும், காற்றுப் போகிற துணிக் கவர் போதும். எலி வந்து ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடு கட்டும், அதனால் காற்று இழுக்கும் வாயிலும் சைலன்சர் வாயிலும் துணி அடைத்து, சாவியில் ஒரு சீட்டு கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அப்படியே ஸ்டார்ட் பண்ணுவீர்கள்.

ஸ்பேனர்பையன்:
திரும்ப எடுக்கும்போது கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட் பண்ணும் முன் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், டக்கென்று விட்டுவிடும்.