பெரியக்கா வீட்டுக்கு வந்த பஸ் லேன் கடிதம்

பெரியக்கா: (படம்) இது இன்று தபாலில் வந்தது. பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய பஸ் லேனுக்குள் கார் போனதாம், தண்டம் 160 பவுண்டு! அன்றைக்குக் காரைக் கொண்டுபோனது தம்பி. கடிதமோ என் பெயரில். என் லைசன்ஸில் பொயின்ற் (குற்றப்புள்ளி) விழுமா மாமா?

சின்ன மாமா: பதறாதே பிள்ளை. லண்டனில் பஸ் லேன் தண்டத்துக்குப் பொயின்ற் இல்லை. ஆனால் யார் ஓட்டினாலும் கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.

தம்பி: காசு நான் தருகிறேன் அக்கா, அதை யோசிக்காதீர்கள். ஆனால் அந்த ரோட்டில் பஸ் லேன் நேரம் போட்ட பலகை என் கண்ணில் படவே இல்லை. அப்போது பின்னேரம் 4.10.

அத்தான்: எனக்கும் ஒரு தண்டம் போனில் மெசேஜாக வந்திருக்கிறது, லிங்கை அழுத்திக் கட்டச் சொல்லி. இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடவா?

சின்ன மாமா: ஐயோ மருமகன், அதைத் தொடாதீர்கள்! கமராவில் பிடித்த பஸ் லேன் தண்டம் தபாலில்தான் வரும். அந்த மெசேஜை உடனே அழித்துவிடுங்கள்.

சின்ன மாமா: இப்போது எல்லாரும் இதை வடிவாக வாசியுங்கள். 14 நாளுக்குள் கட்டினால் பாதி, 80 பவுண்டுதான். 28 நாள் கடந்தும் சும்மா இருந்தால் 240 ஆகிவிடும். கடிதத்தை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. முதலில் கடிதத்தில் உள்ள இலக்கத்தையும் கார் நம்பரையும் இணையத்தில் போட்டு வீடியோவைப் பாருங்கள். கார் எந்த இடத்தில் தொடர் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது, பலகை எங்கே நிற்கிறது, முன்னால் ஏதும் தடையா, எல்லாவற்றையும் பாருங்கள். அப்புறம்தான் கட்டுவதா, தண்டத்தை எதிர்த்து எழுதுவதா என்ற முடிவு.

தம்பி: ஆம்புலன்ஸுக்கு வழிவிட உள்ளே போயிருந்தால்?

சின்ன மாமா: அதற்கென்று தானாக விலக்கு இல்லை. ஆனால் வீடியோவில் ஆம்புலன்ஸ் தெரிந்தால் அதைச் சொல்லி எழுதலாம், தள்ளுபடி செய்வதும் உண்டு.

நான்: வேலையால் வரும்போது அந்த இடத்தில் இறங்கிப் பார்த்தேன். (படம்) நீலப் பலகையின் கீழ்ப்பாதியை மரக்கிளை மூடியிருக்கிறது. பஸ் படம் தெரிகிறது, நேரம் தெரியவில்லை. கிளைக்குக் கீழே குனிந்து பார்த்தால்தான் 7–10, 4–7 என்று இருக்கிறது.

அத்தான்: அப்படியென்றால் வென்றுவிட்டோம்!

சின்ன மாமா: அவசரப்படாதீர்கள். பலகையில் நேரமே போடாவிட்டால் 24 மணி நேரமும் பஸ் லேன் என்றுதான் எடுக்க வேண்டும். அதனால், நேரம் தெரியாவிட்டால் விலகிப் போயிருக்கலாமே என்று தண்டம் போட்டவர்கள் கேட்பார்கள். ஆனாலும் பலகையைத் தெளிவாக வைத்திருப்பது அவர்களின் கடமை. ஓட்டுபவரின் இருக்கை உயரத்தில் நின்று, தூரத்திலிருந்தும் கிட்டவாகவும் இன்னும் இரண்டு படம் எடுங்கள். கிளையை வெட்டிவிட்டால் பிறகு ஒன்றும் காட்ட முடியாது.

பெரியக்கா: எழுதினால் அந்த 80 போய்விடுமே?

சின்ன மாமா: 14 நாளுக்குள் எழுதினால், மறுத்தாலும் பல இடங்களில் பாதித் தொகையாகவே கட்டத் திரும்பவும் அவகாசம் தருவார்கள். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மறுத்தால், இப்படியான தண்டங்களைத் தனியாக விசாரிக்கிற லண்டன் ட்ரைபியூனல்ஸுக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் தோற்றால் முழு 160 கட்ட வேண்டும், அதையும் தெரிந்துகொண்டு முடிவெடு பிள்ளை.

பெரியக்கா: சரி மாமா, எழுதுவோம். என் பெயரில்தானே போக வேண்டும்?

சின்ன மாமா: ஓம், உன் பெயரில். அனுப்ப முதல் எனக்கு ஒருக்கால் காட்டு.

தம்பி: நாளைக்குக் காலையில் போய் மற்றப் படங்களையும் எடுத்துப் போடுகிறேன்.